சாமி திருப்பி அனுப்பிய கிடாயின் மாலை

2025 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கணவரின் மாத்திரைகளை எடுத்து, சீனி போடாத கோப்பியோடு மேசையில் வைத்தேன். வாசலைப் பெருக்கினேன். இதெல்லாம் முடிவதற்குள் ஆட்டுக் கொட்டகையிலிருந்து அவர் இரண்டு முறையாவது குரல் கொடுத்துவிடுவார். எது தின்றது, எது முரண்டு பிடிக்கிறது என்று சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அன்று சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சப்ப மாட்டேங்குது. பால் போத்தல் ரப்பர வாயில வச்சாலே கத்துது," என்றார்.

குட்டியின் உதடுகள் தடித்து, சட்டியில் அடிப்பிடித்த சோறு போலக் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தன. பிறந்து ஆறு வாரம்தான். கூடப் பிறந்த கடாக்குட்டி செவ்வாய்க்கிழமையே செத்துப்போயிருந்தது. தாய் ஆடு எதிரில் நின்றது. அதன் காம்புகளிலும் அதே புண். குட்டி எழுந்து அதன் மடிக்குப் போனபோது பின்னங்காலால் உதைத்துத் தள்ளியது. தள்ளிவிட்டுத் திரும்பி, அதே குட்டியை நக்கியது. நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன்.

நாங்கள் இருப்பது ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் சில மட்டும் மிச்சம். அவர் பாரிட் புந்தாரிலிருந்து அரிசி ஏற்றிவரும் லோரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சைப் பிளந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். "வேலை இல்லாம ரோட்டுல நடக்க எனக்கு என்ன பைத்தியமா?" என்று நாற்காலியிலேயே கிடந்தார். சாப்பாடு குறைந்தது. பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. யாரோ விற்கிறார்கள் என்று ஒரு சினை ஆட்டை வாங்கி வந்து கட்டினேன். ஆட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்பதால் அவர் நடந்தார். நடந்ததால் பசித்தது. அந்த ஆடுதான் இந்தக் குட்டியின் தாய். கொட்டகையில் எட்டு ஆடுகள் சேர்ந்த பிறகு, அவர் முன்பு போல என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சிகிச்சைக்குப் போகுமுன் அவர் தோட்டத்து முனியாண்டிக்கு ஒரு கிடாய் நேர்ந்திருந்தார். அந்த ஆட்டின் முதல் ஈற்றுக் கிடாயையே அதற்கு வளர்த்தார். இந்த ஆடித் திருவிழாவில், ஜூலை கடைசி ஞாயிறன்று, குளிப்பாட்டி மாலை போட்டுக் கொண்டுபோனோம்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உலுக்கினால் சாமி சம்மதித்தார் என்று பொருள். உலுக்காவிட்டால் வெட்டக் கூடாது. அன்று பல தோட்டங்களிலிருந்து ஆடுகள் வந்திருந்தன. தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு வியாபாரி லோரி நிறைய இறக்கியிருந்தார். எல்லாவற்றையும் வேலியோரம் நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். குடிக்க ஒரே தொட்டி.

எங்கள் கிடாய் உலுக்கவில்லை. பூசாரி திரும்பத் திரும்பத் தெளித்துப் பார்த்தார். ஈரம் சொட்டச் சொட்ட மரம் போல நின்றது.

"சாமிக்கு இப்ப வேணாமாம் லா. கொஞ்ச நேரம் கட்டி வைங்க, அப்புறம் கேப்போம்," என்றார் பூசாரி.

வேனில் எங்களைக் கூட்டிப்போயிருந்த எதிர்வீட்டுத் தம்பி சிரித்தான். "அண்ணே, வீட்டுல அக்காகிட்ட ஆடாம அசையாம நின்னு பழகுனது நீங்கதான். ஒங்க ஆடும் அதே மாதிரி."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வரை மற்ற ஆடுகளோடு அது வேலியில் நின்றது. பக்கத்து ஆடு அதன் மாலையைத் தின்றுவிட்டது. வெறுங்கழுத்தோடு நிற்கக் கூடாது என்று, வெட்டி முடிந்த வேறொரு கிடாயின் மாலையைப் பூசாரி எடுத்துப் போட்டார். கடைசிவரை உலுக்கவில்லை. அவிழ்த்துக் கூட்டிவந்தோம். வேனில் அவர் ஒன்று மட்டும் கேட்டார்: "அப்ப நான் பொழச்சது கணக்குல இல்லையா?"

சாமி மாலையைக் குப்பையில் போடக் கூடாது. ஆற்றில் விடுவதுதான் முறை. அவர் அதைக் கொட்டகைத் தூணில் கட்டினார். உயரமாகக் கட்டவில்லை. மறுநாள் குட்டிகள் இரண்டும் பின்னங்கால்களில் எழும்பி எழும்பிச் செவ்வந்தியைப் பிய்த்துத் தின்றன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஆட்டத்தான் வேணாம்னுட்டாரு. பூவாவது இதுங்களுக்கு வேலை செய்யட்டும்." வேனில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

முதலில் கிடாயின் உதட்டில்தான் கொப்புளம் கண்டது. பிறகு குட்டிகள், தாய், மற்றவை. எதிர்வீட்டுத் தம்பி ஊதா மருந்து வாங்கி வந்து தடவிக் கொடுத்தான். "லிப்ஸ்டிக் போட்ட ஆட்ட ஈப்போவுலகூடப் பாக்க முடியாதுண்ணே," என்று இவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

அந்த வியாழன் பத்து மணிக்குக் கால்நடை அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் டாக்டர் வந்தார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்தார். எங்கள் கைகளையும் காட்டச் சொன்னார், மனிதருக்கும் ஒட்டுமாம். பிறகு இவரைப் 'பாக்சிக்', மாமா, என்று அழைத்து மலாயில் கேள்விகள் கேட்டார்.

"புது ஆடு ஏதாவது வாங்கினீங்களா, பாக்சிக்?"

"ஒன்றுகூட இல்லை. தாயைத் தவிர எல்லாம் இங்கே பிறந்தவை." அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"பக்கத்து வீட்டு ஆடுகளோடு மேயுமா?"

"இல்லை."

"தீவனம்?"

மழை பெய்தால் செம்பனை மட்டை வெட்டிப் போடுவதாகச் சொன்னார். முள்ளில் வாய் கீறும், அந்தக் கீறல் வழியாக நோய் எளிதாக உள்ளே போகும் என்றார் டாக்டர். இனி மட்டை வேண்டாம். அப்புறம் கேட்டார்: "இங்கேயிருந்து வெளியே போய்த் திரும்பி வந்த ஆடு உண்டா?"

என் கணவர் கிடாயைப் பார்த்தார். அதன் உதடு ஏறக்குறைய ஆறிவிட்டிருந்தது.

"கோயிலுக்குப் போனது," என்றார்.

அந்தப் பெண் குறை சொல்லவில்லை. இது வைரஸ், பல இடத்து ஆடுகள் நெருங்கி நிற்கும்போது ஒட்டும், உதிர்ந்த பொருக்கு விழுந்த பொருளிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெளியே போய்வந்ததைச் சில வாரம் தனியே கட்டியிருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பெரியவை தேறிவிடும். பால்குட்டிகள்தான் வாய்ப்புண்ணால் பட்டினியில் போய்விடும். குட்டிக்கு ஊசி இல்லாத பீச்சுக்குழாயால் சொட்டுச் சொட்டாகப் பால் விடச் சொல்லிக் காட்டினார். கிளம்பும்போது தூணில் தொங்கிய வெறும் நாரைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"கோயில் மாலை. குட்டிகள் தின்றன," என்றார் இவர்.

டாக்டர் கொஞ்சம் தயங்கி, "இதை எரித்துவிடுங்கள், பாக்சிக்," என்றார்.

பகல் முழுக்க நாங்கள் மாறி மாறிப் பால் விட்டோம். பாதி கடைவாயில் வழிந்தது. கிடாயைத் தனியே கட்டப் போனபோது நான் சொன்னேன்: "சாமி வேணாம்னது நோவு வரும்னு தெரிஞ்சுதான் போல. நம்மளால என்ன செய்ய முடியும்?" அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

"சாமிய இழுக்காத. அவரு வேணாம்னு அனுப்புனாரு, அவ்வளவுதான். தூண்ல கட்டுனது நான். கூப்பிட்டு ஒனக்கும் காட்டுனேன்," என்றார்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் குட்டி அவர் மடியிலேயே செத்தது. வாயில் கடைசியாக விட்ட பால் அப்படியே இருந்தது. செம்பனைக்குப் பின்னால், ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டு, செவ்வாய்க்கிழமை செத்த குட்டியின் பக்கத்தில் புதைத்தோம். தோண்டக் கூடாது என்று நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இவருக்குச் சொல்லியிருப்பதால் எதிர்வீட்டுத் தம்பிதான் தோண்டினான். அவன் அன்று ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. இவர் நாரை அறுத்துவந்து தகரத்தில் போட்டுக் கொளுத்தினார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன் உட்கார்ந்த அதே மாதிரி. சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளியென்றால் குளித்துச் சாமி விளக்கு ஏற்றிய பிறகுதான் மற்ற எல்லாம். விடியும்போதே தாய் ஆடு கத்திக்கொண்டிருந்தது. குடிக்க யாரும் இல்லாமல் மடி கட்டிப்போயிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. நான் விளக்கைத் தொடவில்லை. வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே அங்கே நின்று, தாயின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். "மெதுவா, அதுக்கு வலிக்கும்," என்றார். மெதுவாகக் கறந்தேன். காம்பெல்லாம் புண், அந்தப் பாலை யாருக்கும் வைக்க முடியாது. கால்வாயில் ஊற்றினேன்.