பலகை நிறையப் பூஜ்யம்

புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் அழுத்தித் தேய்த்தால் கருகல் வாடை வரும், விரல் சுடும், பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருபது கொட்டைகளை அப்படி ஒரு பக்கம் மட்டும் தேய்த்தோம், பிள்ளைகளே, நானும் என் அக்கா செல்வியும். அவள் பத்தாவது, நான் எட்டாவது. விழுப்புரத்தில் நடக்கும் அறிவியல் கண்காட்சியில் தேர்வானால் சென்னைக்குப் போகலாம் என்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பள்ளிக்குப் பேச வந்த ஒருவர், பிரபஞ்சத்தில் எங்கேயும் உயிர் தானாகத் தோன்ற வாய்ப்பே இல்லை என்று சொல்லி, இத்தனை தடவையில் ஒரு தடவைதான் நடக்கும் என்று ஒன்று போட்டுப் பலகை நிறையப் பூஜ்யமாக எழுதிவிட்டுப் போயிருந்தார். எல்லாம் ஒரே வீச்சில் சரியாக விழவேண்டும் என்று யார் சொன்னது என்பதுதான் அக்காவின் சந்தேகம். இருபது கொட்டையும் ஒரே வீச்சில் வெள்ளையாக விழ, சுமார் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. வெள்ளை விழுந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் மறுபடி மறுபடி வீசினால் ஐந்தாறு வீச்சில் முடிந்துவிடும். உயிர் எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது, கணக்கை இப்படியும் போடலாம் என்றுதான் அட்டையில் எழுதி வைத்தாள்.

கண்காட்சிக்கு நடுவராக வந்தவர் அதே ஆள். நான் வீசிக் காட்டினேன். ஆறாவது வீச்சில் எல்லாம் வெள்ளை.

“இது ‘போங்காட்டம்’மா. எடுத்து வைக்க உன் தம்பி கை இருக்குது. அங்க யாரு கை இருந்துச்சி?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“வெள்ளம் வந்தா மண்ணு போவுது, கல்லு நிக்குது சார். அத யாரு புடிச்சிக்கினு இருந்தாங்க?” என்றாள் அக்கா.

இப்போது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. “பொம்பளப் புள்ள பேசற பேச்சா இது? எந்த ஸ்கூலு நீ?”

எங்கள் வாத்தியார் பயந்துபோய், “கால்ல விழும்மா, ஜல்தி” என்று அவள் தலையைப் பிடித்து அழுத்தினார். விழுந்தாள். அப்படியும் சென்னைக்குப் போனது ஒரு தெர்மாகோல் எரிமலை.

யார் கை என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். பதில் சொல்லத் துப்பில்லாதவர் ஒரு சின்னப் பெண்ணைக் காலில் விழவைத்தார்.

அக்கா இப்போது வளவனூரில் இருக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது, அதே பூஜ்யங்களை வைத்து யாரோ பேசுகிற வீடியோவை அவள் மகன் செல்போனில் பார்த்துவிட்டு, “இந்தக் கணக்கு இடிக்குதும்மா, நாளைக்கு சாரக் கேக்கட்டா?” என்றான்.

“கேக்காதடா. மார்க்குல கை வெச்சிடுவாங்க.”

“கேளுடா, நான் கூட வர்றேன்” என்றேன்.

“பேஜாரு பண்ணாத. சாப்ட்டுக் கெளம்பு” என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லோர் முன்னாலும் எதிர்க்கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது எங்கும் இல்லை, பிள்ளைகளே. அந்த மனிதரை நான் மன்னிக்கவே மாட்டேன்.