தேடல் பெட்டியில் பேசியவள்

எங்கள் இணையதளத்தின் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸின் படம் இருந்தது. வெள்ளை உடுப்பு, சிரித்த முகம். "வெறும் பெட்டியா இருந்தா ஜனங்க தயங்குவாங்க. ஒரு முகம் இருந்தா நம்பி எழுதுவாங்க" என்று சொல்லி அதை வைக்கச் செய்தவர் எங்கள் ஸ்ட்ராட்டஜி சார். எந்தக் கட்டுரை மேலே வர வேண்டும், எந்த வார்த்தையைப் போட்டால் ஆட்கள் வருவார்கள், வந்தவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர் இலாகா. நோய்களைப் பற்றித் தமிழில் எழுதுவது என் இலாகா. இப்படிச் சிரிக்கிற நர்ஸைத் திருச்சியில் எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் படத்தை எடுக்கவில்லை.

ஆபீஸ் மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு மொத்த ஜவுளிக்கடையின் மாடியில். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்து, துணி மூட்டை இறக்குகிறவர்கள் வழி விடும்வரை நின்று, பிறகுதான் படியேற முடியும். கீழே வேட்டி, மேலே ரத்தக்கொதிப்பு. நான் எழுதுவதை டாக்டர்கள் சரிபார்ப்பார்கள், பிறகு அது தளத்தில் ஏறும். ஆஸ்பத்திரிகள் தரும் விளம்பரத்தில் எங்கள் சம்பளம் ஓடியது.

நர்ஸ் படம் வந்த பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. 'சுகர் உணவு', 'மூட்டு வலி' என்று இரண்டு வார்த்தையில் தேட வேண்டிய இடத்தில் ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். 'வணக்கம் சிஸ்டர், நல்லா இருக்கீங்களா, எங்க வீட்டுக்காரருக்கு நாலு நாளா இருமல்' என்று போனின் மைக்கை அழுத்திச் சொல்வார்கள். அது அப்படியே எழுத்தாகி வந்து விழும். உள்ளே யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தளத்தின் தொழில்நுட்ப வேலைகளைப் பார்த்தவர் திருவெறும்பூர்க்காரர், தொழிற்சாலைக் குடும்பம். அவர் 'வணக்கம்', 'சிஸ்டர்', 'நல்லா இருக்கீங்களா' எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தேடும்படி மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். "மரியாதையைக் கழிச்சாத்தாங்க அதுக்கு வியாதி புரியும்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

என்ன எழுதலாம் என்று தெரிந்துகொள்ள, வந்து விழும் தேடல்களை நான் தினமும் என் திரையில் பார்ப்பதுண்டு. ஒரே போனிலிருந்து வருபவை ஒரே குறியோடு வரும், நம்பர் தெரியாது. அன்று காலை டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தபோது இது வந்தது.

'சிஸ்டர் பாப்பாவுக்கு ரெண்டு மாசம். நேத்துலேர்ந்து உடம்பு அனலாக் கொதிக்குது. பால் குடிக்க மாட்டேங்குறா. மாமியார் கசாயம் குடுக்கச் சொல்றாங்க. குடுக்கலாமா.'

எங்கள் பெட்டி அவளுக்கு என்ன எடுத்துக் கொடுத்தது என்று பார்த்தேன். குழந்தைக்கு உடம்பில் எண்ணெய் தேய்ப்பது எப்படி என்ற கட்டுரை. நான் எழுதியதுதான். அதே போனிலிருந்து அடுத்ததும் வந்துவிட்டது.

'சிஸ்டர் நான் எண்ணெயைப் பத்திக் கேக்கல. பாப்பா கண்ணே தொறக்க மாட்டேங்குறா. அவரு வாழைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டாரு, போன் எடுக்கல. கசாயம் அடுப்புல இருக்கு.'

எங்கள் கட்டுரைகளைச் சரிபார்க்கும் குழந்தை டாக்டரை போனில் பிடித்தேன். படித்துக் காட்டியதும் அவர் குரல் மாறியது.

"அந்த வயசுக் குழந்தைக்கு வாயில எதையும் ஊத்தக் கூடாது. பால் குடிக்கல, கண்ணைத் தொறக்கல, காய்ச்சல் வேற. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். எங்க இருக்காங்க?"

"தெரியல டாக்டர்."

"நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"நம்பரும் தெரியாது."

"எப்படியாவது சொல்லிடுங்கம்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

திருவெறும்பூர்க்காரரை உலுக்கினேன். அவர் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "திருச்சின்னுதாங்க காட்டுது. அது தொட்டியமா இருக்கலாம், லால்குடியா இருக்கலாம். பேரு இல்ல, நம்பர் இல்ல. ஒண்ணு பண்ணலாம். தளத்தோட உச்சியில ஒரு வரி போட்டா, இனிமே தேடற எல்லாருக்கும் தெரியும். அவங்க அடுத்த தடவை தேடறப்ப அவங்களுக்கும் தெரியும்."

உச்சியில் இடம் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் முழு உடல் பரிசோதனை விளம்பரம் அன்று காலைதான் அங்கே ஏறியிருந்தது. அந்த விளம்பரத்துக்காக ஸ்ட்ராட்டஜி சார் மாதக்கணக்கில் நாயாய் அலைந்திருந்தார். நான் அவர் மேஜைக்குப் போனபோது அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்கு இந்த மனிதரோடு ஒரு கை பார்த்துவிடுவது என்ற முடிவோடு, நின்றபடியே விஷயத்தைக் கொட்டினேன். பாதியிலேயே அவர், "சார், அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்தார். திரும்பித் திருவெறும்பூர்க்காரரிடம், "விளம்பரத்தை எடுங்க" என்றார். எனக்குக் கொண்டு வந்த சண்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வேகவேகமாக ஒரு வரி எழுதினேன். 'மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டால் கஷாயம் முதலான வீட்டு மருந்துகளைத் தவிர்த்து, தாமதமின்றி' என்று போனது அது. ஸ்ட்ராட்டஜி சார் அதைப் பார்த்தார்.

"மேடம், அவங்க மடியில குழந்தை கிடக்கு. இவ்வளவு படிக்க மாட்டாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே சொல்லச் சொல்ல, திருவெறும்பூர்க்காரர் அடித்தார். 'ரெண்டு மாசப் பாப்பாவுக்குக் காய்ச்சலா? கசாயம் வேணாம். இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.' அதன் கீழே தொட்டால் ஆம்புலன்ஸுக்கே அழைப்பு போகிற ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். நான் சரி என்றேன். அவருக்கு இன்னும் திருப்தியாகவில்லை.

"அந்த நர்ஸ் படத்தை இந்த வரிக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. அவங்க இவங்ககிட்டதான் கேட்டாங்க. இவங்கதான் பதில் சொல்லணும்."

வரி ஏறியது. ஆனால் அவள் மறுபடி தேடினால்தான் அது அவள் கண்ணில் படும். மூவரும் என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாருக்கோ முதுகு வலி, யாருக்கோ முடி கொட்டியது. பிறகு அவள்.

'சிஸ்டர் மாமியார் டம்ளர்ல ஊத்திட்டாங்க.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. படித்தாளா, இல்லை போனைத் தூக்கிப் போட்டுவிட்டாளா? திருவெறும்பூர்க்காரர் நகத்தைக் கடித்தார். கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் மேலே வரை கேட்டது. அப்புறம் ஒரு வரி வந்தது.

'சரி சிஸ்டர்.'

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அந்த மாதிரி ஒரு சிலிர்ப்பை, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நசுங்கியபடி வாசல் திறக்கும் நொடியில் மட்டும்தான் அதுவரை அனுபவித்திருந்தேன். யாரென்றே தெரியாத ஒருத்தி, எங்கேயோ ஒரு வீட்டில், மாமியார் நீட்டிய டம்ளரைத் தள்ளிவிட்டு ஒரு படத்தின் பேச்சைக் கேட்டிருக்கிறாள். அந்தப் படத்துக்குப் பின்னால் டீ ஆறிப்போன நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் இப்படி ஒருத்தி நம்புகிறாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது.

அன்று முழுவதும் விளம்பரம் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வாங்கிய திட்டுகளை ஸ்ட்ராட்டஜி சார் எங்களிடம் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் போய் நின்று தனியாகவே வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாட்களில் எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தப் போனிலிருந்து ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் காவிரியைத் தாண்டும்போதெல்லாம், பாப்பா பிழைத்திருக்குமா என்ற நினைப்புதான். கேட்க வழியில்லை. பிழைக்கவில்லை என்றால் அவள் ஏன் வந்து சொல்லப்போகிறாள் என்று தோன்றும்போது எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன். ஸ்ட்ராட்டஜி சார் தினமும் என் மேஜையைத் தாண்டிப் போவார். கேட்க மாட்டார், என் முகத்தை மட்டும் பார்ப்பார்.

ஒருநாள் காலை நான் பையை இறக்கி வைப்பதற்குள் திருவெறும்பூர்க்காரர் கூப்பிட்டார். அவர் திரையில் இது இருந்தது.

'சிஸ்டர் வீட்டுக்கு வந்துட்டோம். ரத்தத்துல கிருமின்னு சொன்னாங்க, ஊசி போட்டாங்க. இன்னும் லேட்டாகியிருந்தா அவ்வளவுதான்னு சொன்னாங்க. இப்ப நல்லாப் பால் குடிக்கிறா. மாமியார் உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாங்க. நீங்க சாப்டீங்களா சிஸ்டர்.'

நான் அழுதேன். மறைக்கவில்லை. திருவெறும்பூர்க்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஸ்ட்ராட்டஜி சார் இரண்டு முறை படித்துவிட்டு, "கேட்டிருக்காங்கள்ல, பதில் சொல்லுங்க" என்றார். அந்த ஒருத்திக்கு மட்டும் சொல்ல எங்களிடம் வழி இல்லை. எல்லோருக்குமாகத்தான் சொல்ல முடியும். விளம்பரம் மறுபடி கீழே இறங்கியது. நர்ஸ் படத்துக்குப் பக்கத்தில் வரி ஏறியது.

'சாப்பிட்டோம்மா. நீங்க சாப்டீங்களா?'

பதிலுக்காக மறுபடி திறந்து பார்த்திருக்கிறாள், கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து வந்தது. 'இப்பதான் சிஸ்டர்.' அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அந்த வரி, சுகருக்கும் மூட்டு வலிக்கும் தளத்துக்கு வந்த எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது. என் திரையில் வரிசையாக விழ ஆரம்பித்தது. 'ஆச்சு சிஸ்டர், இட்லி.' 'இன்னும் இல்ல சிஸ்டர், ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க.' 'பழைய சோறு சிஸ்டர், சாப்பிடலாமா.' நாங்கள் சிரித்தபடி படித்துக்கொண்டே வந்தோம். நடுவில் ஒன்று வந்தது.

'சாப்டேன் சிஸ்டர். யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு.'

சிரிப்பு நின்றுவிட்டது. விளம்பரத்தைத் திரும்பப் போடலாமா என்று திருவெறும்பூர்க்காரர் மெல்லக் கேட்டார். ராத்திரி சாப்பாடு வரைக்கும் இருக்கட்டும் என்றார் ஸ்ட்ராட்டஜி சார்.