யாக்கமா பெண் வந்த சனிக்கிழமை

இன்று கடையில் புகைபோட்ட சால்மன் மீன் மணத்ததும், தொண்ணூறுகளில் வெம்பிளியில் எங்கள் தமிழ் வகுப்பு நடந்த, ஈரக் கோட்டுகள் மணக்கும் பழைய மண்டபம் நினைவுக்கு வந்தது. அதை இடிக்கப்போவதாகக் கடிதம் வந்த வாரம், யாக்கமா என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெண்ணொருவர் அங்கே பேச வந்து, அப்படிப்பட்ட மீனை எங்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவருடைய மக்கள் தலைமுறைகளாக மீன்பிடித்த அருவியை ஓர் அணை மூழ்கடித்துவிட்டதாம். பிறகு என்ன செய்தீர்கள் என்று, வகுப்பை நடத்திய என் அம்மா கேட்டார். அதே ஆற்றில் இன்றும் மீன்பிடிக்கிறோம், பிள்ளைகளுக்கு எங்கள் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றார் அவர்.

அம்மா பெற்றோர் பக்கம் திரும்பினார்.

"வாற சனி வகுப்பு எங்கட வீட்டில. எல்லாருக்கும் கதிரை காணாது, இருக்கப் பாய் கொண்டு வாங்கோ."

அந்தச் சனி, மாடிப்படிகளிலும் உட்கார்ந்து எழுதினோம்.