ஷுக்கூர் பாய் நிரப்பிய இருபது கட்டங்கள்

“அச்சுல ஏறுன எந்த வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டு நான் இன்னொருத்தரு வாசப்படி ஏறுனதில்லீங்க. இனிமேலும் ஏற மாட்டேன்.”

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில், பருத்திக்கொட்டை மூட்டைமேல் ஒரு காலை ஊன்றியபடி, மாட்டுத்தீவனக் கடை அப்துல் ஷுக்கூர் இவ்வாறு அறிவித்தபோது நான்கு விவசாயிகளும் ஓர் எருமையும் சாட்சியாக நின்றார்கள். நால்வரும் தலையாட்டினார்கள். எருமை மட்டும் அவரை உற்றுப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாநில எல்லையை ஒட்டிய அந்த வட்டாரத்தில் சனங்கள் பேசுவது தமிழ். சர்க்கார் எழுதுவது மலையாளம். இவை இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில்தான் ஷுக்கூர் பாய் இருபத்திரண்டு வருடமாக ஆட்சி செய்துவந்தார். பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவர். யாருக்குக் கடிதம் வந்தாலும் அது முதலில் அவர் கல்லாவுக்குத்தான் வரும். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, உதடு மட்டும் அசைய மூன்று நிமிடம் படிப்பார். பிறகு தீர்ப்பு. பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: “ஒண்ணுமில்லீங்க. பத்திரமா வெச்சுக்குங்க.” வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் கடிதத்தை அவரிடமே விட்டுப்போவார்கள். அவை தராசுக்கு அருகே, ஐந்து கிலோ படிக்கல்லுக்கு அடியில் அடங்கிக் கிடந்தன. இதற்கு அவர் காசு வாங்கியதில்லை. தெருவில் நடக்கும்போது வேட்டியை இறக்கிவிட்டு வணங்கும் நாலு பேர் போதும் அவருக்கு.

மூன்று வருடத்துக்கு முன் எதிர்வரிசையில், மூன்று படி ஏறிப் போகவேண்டிய ஓர் அறையில், செல்வப்பிரியா என்ற இளம்பெண் கம்ப்யூட்டர் சேவை மையம் திறந்தாள். அவள் கடிதங்களைப் படித்ததோடு நிற்கவில்லை, பதிலும் அனுப்பினாள். பாய் அந்த மூன்று படிகளை நாட்டின் எல்லைக்கோடாகக் கருதி, இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

நிலைமை இப்படியிருக்க, ஜூன் மாதத்தில் அவருடைய மூத்த மகள் சுஹைனா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கித் தொலைத்தாள்.

அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள். கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். அரைமணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கல்லூரியில் படிக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. இடம் கிடைக்கும் என்று தெரியும் முன்பே ஒரு நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, ‘சுஹைனா, வேதியியல்’ என்று எழுதி வைத்துவிட்டாள். அந்த வாரம்தான் மலைக் கணவாய் வழியே வீசும் காற்று தொடங்கியது. கடைவீதித் தார்ப்பாய்கள் பகலெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தன, யாரையோ விடாமல் எச்சரிப்பதுபோல.

பல்கலைக்கழகத்தின் விளக்கக் கையேடு செல்போனில் வந்து இறங்கியது. எண்பத்தாறு பக்கம். பாய் கண்ணாடியைத் துடைத்தார்.

“ட்ரயல் அலாட்மெண்ட்னு போட்டிருக்குங்கத்தா.”

“அது ஒண்ணுமில்ல. புது தீவனம் வந்தா ஒரு கை அள்ளி மாட்டுக்கு மோந்து பாக்கக் குடுக்கறமில்ல? அதான். நிசமான அலாட்மெண்ட் பொறகு வரும்.”

சரியாக இருந்தது.

“மேஜர், மைனர்னு ரெண்டு பாடம் எடுக்கோணுமாம்.”

“புண்ணாக்கு மேஜர். தாது உப்பு மைனர்.”

இதுவும் ஏறக்குறைய சரி. அடுத்து வந்த ‘இண்டெக்ஸ் மார்க்’ என்பதற்கு, பால் சொசைட்டியில் கொழுப்பையும் அடர்த்தியையும் சேர்த்துப் போடும் கணக்கு என்றார். அதிலும் பிழை சொல்ல முடியவில்லை. ஒரு மனிதனைக் கிணற்று விளிம்புவரை கூட்டிப்போக ஒரு பொய்யும் தேவையில்லை. வரிசையாக மூன்று சரியான ஊகங்கள் இருந்தால் அவனே நடந்து போய்விடுவான்.

நான்காவதாக வந்த வார்த்தை, ஆப்ஷன்.

விண்ணப்பத்தில் இருபது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கல்லூரி, ஒரு பாடம். சுஹைனா முதல் கட்டத்தில் பக்கத்துக் கல்லூரியின் கெமிஸ்ட்ரியைப் போட்டுவிட்டு நிறுத்தப் பார்த்தாள்.

“அட, நில்லு! மீதிப் பத்தொம்பது கட்டத்தை சும்மா உடுவியா? கிரயப் பத்திரத்துல காலி எடம் உட்டவன் கதையெல்லாம் நான் நேர்ல பாத்திருக்கேன். நாளைக்கு அதுல எவன் என்ன எழுதுவான்னு ஆருக்குத் தெரியும்?”

இருபதையும் நிரப்ப முடிவாயிற்று. அடுத்து வரிசை. இங்கேதான் பாயின் வாழ்நாள் அனுபவம் முழுவதும் திரண்டு வந்து உதவியது.

“மாட்டுச் சந்தையில, வேணுங்கற மாட்டை மொதல்ல பாத்தாலே விலை ஏறிப்போகும். வேண்டாத மாட்டோட வாலைப் புடிச்சு நாலு சுத்துச் சுத்தோணும். அப்பறம், ‘சரி, போனாப் போகுது’ன்னு வேணுங்கற மாட்டுப் பக்கம் வரோணும். மொத ஆறு கட்டத்துல வேண்டாததைப் போடு. ஏழாவதா உன்ற கெமிஸ்ட்ரி.”

“அத்தா, செல்வப்பிரியா அக்காகிட்ட ஒருவாட்டி கேட்டுக்கலாங்களா?”

“கேக்கலாம். கையோட இந்தப் படிக்கல்லையும் அவகிட்டக் குடுத்துட்டு, நாம பொள்ளாச்சில போயி பொரி விக்கலாம்.”

முதல் ஆப்ஷனாக, எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் வயநாட்டு மலைமேல் இருக்கும் ஒரு கல்லூரியின் இந்தி இலக்கியம் பதிவாயிற்று. அவளுக்கு இந்தியில் தெரிந்தது அக்கம்பக்கத்துச் செங்கல் சூளைக்காரர்கள் பேசும் நான்கு சொற்கள். அவற்றில் இரண்டு வசவு.

முதல் அலாட்மெண்ட் வந்தது. ஏழாவது ஆப்ஷன்! பக்கத்துக் கல்லூரி, கெமிஸ்ட்ரி. கடைவீதி முழுக்க ஜிலேபி போயிற்று. “பேரம் படிஞ்சிருச்சு பாத்தியா?” என்றார் பாய். சீட்டை உறுதி செய்யும் கட்டணத்தையும் அன்றே கட்டியாகிவிட்டது. செல்வப்பிரியாவுக்கும் ஒரு ஜிலேபி போனது. அதாவது, படியின் கீழே நின்ற சுஹைனாவின் கையிலிருந்து எட்டி வாங்கப்பட்டது.

அன்று சாயங்காலமே இன்னொரு செய்தி வந்தது. கிடைத்த இடத்தில் திருப்தியுள்ளவர்கள் தங்கள் ஹையர் ஆப்ஷன்களை, அதாவது கிடைத்த இடத்துக்கு மேலே எழுதியவற்றை, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ரத்து செய்துகொள்ள வேண்டும்.

“ரத்தா?” பாய் சிரித்தார். “லோடு எறங்காம எந்த மடையனாச்சும் ஆர்டரை ரத்துப் பண்ணுவானா? அது பாட்டுக்கு மேல கெடக்கட்டும். இருந்தா என்ன, சோறா கேக்குது?”

சுஹைனா பழுப்பு அட்டை நோட்டை எடுத்து அலமாரியில், துணிகளுக்கு அடியில் வைத்தாள். பாய் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் காட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை சுவக்கீன் வந்தார். மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது, கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகன் இங்கே கட்டிய வீட்டில் இருப்பவர்.

“என்ன பாய், ரேஷன் கடையில விரல் வச்சா அந்த மெஷினு என் பேரே இல்லங்குது? சித்திரையில ஒரு லெட்டர் கொண்டாந்தேன்லா? அதுல ஏதும் சொல்லியிருந்தானோ?”

“அது ஒண்ணுமில்லீங்க. மெஷினுக் கோளாறு.”

“ஒண்ணுமில்லன்னா சரிதான். நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சுவக்கீன் நடந்தார். காற்று அவர் சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தது. படிக்கல்லுக்கு அடியிலிருந்த காகிதங்களின் நுனிகள் சலசலத்தன. பாய் கல்லைச் சற்று நகர்த்தி அழுத்தி வைத்தார்.

வியாழக்கிழமை. மூன்றரை மணிக்குத் தீவன லோடு கொண்டுவந்தார் லாரி டிரைவர் ஜோஸ். மூட்டைகள் இறங்கும்வரை டீ குடித்தபடி நின்றார்.

“மோளுக்கு சீட்டு கிட்டியாச்சாமே? சந்தோஷம். மேல் ஆப்ஷனெல்லாம் கேன்சல் பண்ணியாச்சுல்லா?”

“அதெதுக்குங்க?”

ஜோஸ் டீ கிளாஸை மூட்டைமேல் வைத்தார். “பாயே, எம்பொண்ணுக்குப் போன வருஷம் வந்தது அதுதானே. பக்கத்துலயே பி.காம் கிட்டுச்சு. மேல சும்மா நாலு எழுதி வச்சிருந்தோம். ரெண்டாம் அலாட்மெண்ட்டுல அதுல ஒண்ணைத் தூக்கிக் குடுத்துட்டாங்க. கீழ இருந்த பி.காம் அன்னைக்கே வேற பிள்ளைக்குப் போயிருச்சு. போய்க் கேட்டா, ‘நீங்கதானே இதை மேல கேட்டீங்க?’ங்கறான். கம்ப்யூட்டருக்குப் பேரமெல்லாம் தெரியாது பாயே. மேல எழுதுனதைத்தான் மனசார ஆசைப்பட்டோம்னு அது நம்பிருச்சு.”

“இப்ப பொண்ணு எங்கீங்க?”

“கஞ்சிக்கோட்டுல, கம்பெனியில. டப்பாவுக்கு மூடி போடறா.”

லாரி போய்விட்டது. பாய் செல்போனை எடுத்து அறிவிப்பை மறுபடி படித்தார். உதடு அசைந்தது, அர்த்தம் அசையவில்லை. தக்கவைத்தல், முன்னுரிமை, தானாக இழத்தல். இருபத்திரண்டு வருடமாகக் கைகட்டி நின்ற வார்த்தைகள் இப்போது அவரை முதன்முறை பார்ப்பவைபோல் பார்த்தன. பதில் சொல்லும் ஓர் ஆள் எதிர்வரிசையில் இருபதடி தூரத்தில் இருந்தாள். நாலு மணி. நாலே கால். இரண்டு பேர் வந்து புண்ணாக்கு கேட்டார்கள். இருவருக்கும் தவிடு போட்டுக் கொடுத்தார்.

நாலு நாற்பதுக்கு பாய் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, ரோட்டைக் கடந்து, மூன்று படிகளையும் ஏறினார். உள்ளே காத்திருந்த இரண்டு விவசாயிகளும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் கைப்பட்டு பெஞ்சிலிருந்த கவர் கீழே விழுந்தது.

“வாங்க பாய்” என்றாள் செல்வப்பிரியா, தினமும் அவர் வந்துபோவதுபோல.

“ஒண்ணுமில்ல அம்மணி. நம்ம கடைக்கு வர்ற ஒரு விவசாயி கேட்டாரு. ஏழாவது ஆப்ஷன் கெடைச்சு, மேல ஆறை ரத்துப் பண்ணாம உட்டா...”

“பண்ணலீன்னா, நாளைக்கு ரெண்டாம் அலாட்மெண்ட்டுல, மேல இருக்கறதுல எது காலியோ அதுல தூக்கிப் போட்டுருமுங்க. ஏழாவது போயிரும். திருப்பிக் கேக்க முடியாதுங்க. யாருங்க அந்த விவசாயி?”

“உனக்குத் தெரியாது.”

“சரிங்க. மொத ஆப்ஷன் என்ன போட்டிருக்காரு?”

“வயநாடு. இந்தி இலக்கியம்.”

செல்வப்பிரியாவின் கை மவுஸ்மேல் நின்றது. “அது எடம் கெடைச்சவங்களே பணம் கட்டாம உட்டுட்டுப் போற கோர்ஸுங்க பாய். நாளைக்குக் கண்டிப்பா கெடைச்சிரும்.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “அந்த விவசாயி பொண்ணு பேரைச் சொல்லுங்க. சீக்கிரம்.”

பெஞ்சில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாயைப் பார்த்தார்கள்.

“சுஹைனா” என்றார்.

செல்வப்பிரியா விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தாள். விண்ணப்ப எண் அவருக்கு மனப்பாடம். ஆனால் திரை ஓடிபி கேட்டது. அது வரவேண்டிய செல்போனோ அவர் கடையில், தவிட்டு மூட்டைமேல் கிடந்தது. ஐம்பத்தைந்து வயதில் அப்துல் ஷுக்கூர் பட்டப்பகலில் கடைவீதியின் குறுக்கே ஓடினார். பொள்ளாச்சி பஸ் ஒன்று பிரேக் அடித்து நின்றது. அவர் திரும்பி ஓடி வந்தபோது நாலு ஐம்பத்து மூன்று. வெள்ளைத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றியது. வெளியே தார்ப்பாய் அறைந்தது.

“ஆறும் போயிருச்சுங்க பாய்” என்றாள் செல்வப்பிரியா. “நாலு ஐம்பத்தெட்டு. சுஹைனாவுக்குக் கெமிஸ்ட்ரிதானுங்க.”

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. பாய் அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, நெஞ்சோடு ஒருமுறை அழுத்திக்கொண்டு படி இறங்கினார். விவசாயிகள் பெருமூச்சு விட்டார்கள். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கடைக்குப் போனவர் சுஹைனாவுக்கு போன் செய்து இரண்டே வார்த்தை சொன்னார்: “நோட்டை எடு.” பிறகு தராசுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். படிக்கல்லுக்கு அடியில் காகித நுனிகள் அசைந்தன. மூணாற்றுத் தோட்டத்துக்காரரின் பெயர் எழுதிய பழுப்புக் கவர் மேலாக இருந்தது. கல்லைத் தூக்கினார். அத்தனை கடிதங்களும் ஒரே சமயத்தில் எழும்பப் பார்த்தன. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.

செல்வப்பிரியா ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தபோது, பாய் மறுபடி அந்த மூன்று படிகளையும் ஏறி வந்தார். கடிதங்களை மேசைமேல் வைத்து, மேலாக இருந்த பழுப்புக் கவரை முன்னே நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

“இது சுவக்கீனுக்கு வந்தது. ஒண்ணுமில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றார் மெல்ல. “இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க அம்மணி. எனக்குத் தெரியலீங்க.”