ஆடிக்கொண்டே உள்ளே வந்தவர்

2016 மார்ச் 4 – சமையலறை வாசல், 3 நிமிடம்
மார்ச் 9 – லிஃப்ட் வாசல், 7 நிமிடம்
மார்ச் 17 – குளியலறை வாசல், 5 நிமிடம்
மார்ச் 28 – அடுப்பெதிரே, 12 நிமிடம்
கூட்டுத்தொகை – 27 நிமிடம்

அந்த ஒரு மாதத்தில் சோன்கா ராதேவாவின் கால்கள் நகர மறுத்த நேரம் இவ்வளவு. ரூசே நகரில் இருபத்தெட்டு வருடம் டிராலிபஸ் ஓட்டியவர். பார்கின்சன் நோய் வந்து ஆறு வருடமாகிறது. நடந்துகொண்டிருக்கும்போதே, அதிலும் வாசலைக் கண்டால், பாதங்கள் பிசின் தடவியதுபோலத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மார்ச் 28 அன்று உதவியாள் பெத்யா விடுப்பு. கணவர் மின்கோ துறைமுக வாயிலில் காவல் வேலைக்குப் போயிருந்தார். பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரம் சிவக்கும்வரை சோன்கா இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கை எட்டவில்லை.

பெத்யா தினமும் நான்கு மணி நேரம் வருவாள். ஊனச் சான்றிதழில் தொண்ணூறு சதவீதம் என்று இருக்கும்வரைதான் அரசு அவளை அனுப்பும். அதைப் புதுப்பிக்க ஏப்ரல் 19 அன்று மருத்துவக் குழுவின் முன் போக வேண்டியிருந்தது.

அன்று குழுவின் அறை வாசலிலேயே கால் நின்றுவிட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஒரே மின்கம்பியைப் பிடித்து ஓடுவதால், ஒரு டிராலிபஸ் நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். வாழ்நாள் முழுக்க அவர் பயந்தது அதற்குத்தான். வீட்டில் செய்கிற வைத்தியத்தை மின்கோ அங்கேயும் செய்தார். காதருகே குனிந்து, கல்யாணங்களில் ஆடும் ரச்செனிட்சா மெட்டை மெல்ல முனகினார். நடக்காத கால்கள் உடனே ஆடின. குட்டை, குட்டை, நீளம் என்று அடிவைத்துச் சோன்கா நாற்காலிவரை போய்விட்டார்.

தலைமை டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அட்டகாசம்மா! என் பொண்ணு கல்யாணத்துக்கு அவசியம் வந்துடுங்க."

மே 30 அன்று முடிவு வந்தது. "நோயாளி நடனமாடியபடி உள்ளே வந்தார். அறுபது சதவீதம்." மறுநாளிலிருந்து பெத்யா இல்லை.

"யோவ், எல்லாம் உன் பாட்டால வந்த வினை!" என்று சோன்கா கத்தினார்.

"பாடலைன்னா நீ இன்னும் அந்த வாசல்லயே நின்னிருப்ப."

"நின்னிருக்கணும்யா! அதைத்தானே அந்தாளு பாத்திருக்கணும்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. வெட்கப்பட்டு, அவசரப்பட்டு, காட்ட வேண்டியதை அவரே மறைத்திருந்தார். அன்றே மின்கோவிடம் மேல்முறையீடு எழுதச் சொன்னார்.

செப்டம்பர் 14. அதே தாழ்வாரம், வேறு மூன்று டாக்டர்கள். "வாயத் தொறந்த, வீட்டுக்குப் போனதும் உன்னக் கொன்னுடுவேன்," என்று கணவரை எச்சரித்துவிட்டுச் சோன்கா வாசலுக்கு நடந்தார். கால் நின்றது.

"உள்ள வாங்கம்மா," என்றார் உள்ளேயிருந்த பெண் டாக்டர்.

"வந்துட்டுதான் இருக்கேன்."

பின்னால் ஒருவன், "பாட்டி, கொஞ்சம் நகருங்களேன்," என்றான்.

"நகர முடிஞ்சா நான் இங்க எதுக்குடா வரேன்?"

நர்ஸ் கையைப் பிடித்தாள். "இழுக்காத! இழுத்தா குப்புற விழுவேன்," என்று சீறினார். காபித் தட்டோடு வந்த ஊழியர் வெளியிலேயே நின்றார். மின்கோவின் உதடு துடித்தது. சோன்கா முறைத்த முறையில் மூடிக்கொண்டது. முதுகில் வியர்வை வழிந்தது, அழுகையும் வந்தது. அது துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

"டாக்டர், மணி பத்து இருபது. எழுதிக்குங்க."

பத்து முப்பத்து நான்குக்குத்தான் பாதம் தானாக விட்டது. அவர் உட்கார்ந்ததும் டாக்டர் பழைய காகிதத்தைப் புரட்டினார். "போன தடவ ஆடிக்கிட்டே வந்தீங்கன்னு எழுதியிருக்கே?"

"ஆமா, ஆடுவேன். நடக்கத்தான் முடியாது. தனியா இருக்கேன், அடுப்புல பால் பொங்குது. அப்போ யாரு வந்து எனக்குப் பாடுவா? நீங்களா?"

டாக்டர் பேனாவை எடுத்து, பதினான்கு நிமிடம் என்று எழுதினார்.

கடைசிக் கடிதத்தில் தொண்ணூறு சதவீதம் திரும்பியிருந்தது. பெத்யா அடுத்த வாரமே வருவாள். கீழே இன்னொரு வரி: சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டும் செல்லும், அதன்பின் முன்னேற்றத்தைக் காட்ட நோயாளி நேரில் வர வேண்டும்.

"அதான் கெடச்சிருச்சே, விடு," என்றார் மின்கோ.

"முன்னேற்றமாம்! இது குணமாகாத நோய்னு டாக்டருங்களுக்கு நான் போய்ப் பாடம் எடுக்கணுமா? வருஷா வருஷம் அந்த வாசல்ல நின்னு நிரூபிக்கணுமா?" சோன்கா கடிதத்தை மேசையில் அறைந்தார். பிறகு அதையே இழுத்துவைத்து, கோணலாக, நடுங்கும் எழுத்தில், மேல்முறையீட்டுக் கெடுவை எண்ண, அது வந்த தேதியை மூலையில் குறித்தார்: 2016 நவம்பர் 21.