ஆடாத படம்

கேமரா அக்கா என்று சொன்னால்தான் அந்த மருத்துவமனையில் அவளைத் தெரியும். வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையில், உள்ளே விடுகிற நீளமான கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. டாக்டரின் இரண்டு கைகளிலும் கருவிகள் இருக்கும். அவர் பார்ப்பதெல்லாம் எதிரே தொங்கும் திரையைத்தான். அந்தத் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது இவள் கையில் இருந்தது. கை ஆடினால் படம் ஆடும். படம் ஆடினால் டாக்டருக்குத் தலை சுற்றும், திட்டு விழும். இவள் வாங்கிய திட்டு குறைவு.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் பழக்கமானதே ஒரு லிஃப்டில்தான். கருவித் தட்டுகளோடு இவள் ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. மேலே கூரைப் பலகை விலகி, கிரீஸ் அப்பிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"பயப்படாதீங்க, விழாது. விழுந்தா என் வேலை போயிடும். அதுக்காகவாவது விழ விடமாட்டேன்."

"நான் ஒண்ணும் பயப்படல. அங்க வயித்துல துளை போட்டுட்டு எனக்காகக் காத்திருக்காங்க. சீக்கிரம் திறங்க."

கல்யாணமாகி மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவன் கேலி ஓயவில்லை. வேலை முடிந்து வருகிறவளிடம், "இன்னைக்கு யார் வீட்டுச் சாவித்துவாரத்துல எட்டிப் பார்த்த?" என்பான். மகளை அவன் வாலு என்றுதான் கூப்பிடுவான். தட்டை எடுத்து வைப்பதற்குள் அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டு இவளை ஒரு வழி பண்ணிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவன் தட்டில் பாதியை ஒதுக்க ஆரம்பித்தான். கேட்டால், "கேஸ் ட்ரபிள்தான், விடு" என்றான். சாப்பிட்டதை மறைவாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். பல மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆள். ஊசி என்றால் மட்டும் உயிரே போய்விடும். இவள் தரதரவென்று இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். இரைப்பை முடிகிற இடத்தில் புற்றுக்கட்டி இருந்தது. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை.

"கட்டி இருக்கிற பகுதியை எடுத்துட்டு மிச்சத்தைக் குடலோட சேர்த்துடலாம். துளை வழியாவே செய்யலாம்" என்றார் பெரிய டாக்டர்.

"கிழிக்க மாட்டீங்களே?" அவன் கேட்டது அது ஒன்றுதான்.

அவனுடைய அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. மரக்கடை வைத்திருப்பவர், அப்பா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். "கரையான் பிடிச்சிருக்கான்னு பார்க்கணும்னா பலகையைப் பேர்த்துப் பார்க்கணும்மா. ஓட்டை போட்டுப் பார்த்தா என்ன தெரியும்?"

"வெறும் கண்ணுக்குத் தெரியறதைவிடத் திரையில பெரிசாவே தெரியும் மாமா" என்றாள் இவள். தினமும் பார்க்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் அரைமனதோடு விட்டுக்கொடுத்தார்.

சொந்தக்காரருக்கு அறுவை நடக்கும்போது உள்ளே நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பெரிய டாக்டர் வேண்டாம் என்றார். புதிதாக வந்த பையன் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியாது என்றாள் இவள். பல வருஷம் கூட நின்றவள் கேட்டாள் என்று கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார்.

தொப்புளருகே துளை போட்டு, காற்றை நிரப்பி, கேமராவை உள்ளே விட்டாள். ஈரல் பளபளப்பாகத் தெரிந்தது. சற்றுத் திருப்பினாள். வயிற்றின் உட்சுவரில் குருணையை வாரி இறைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஸ்கேனில் விழாத அளவுக்குச் சின்னவை. மற்றவர்கள் வயிற்றில் இதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் டாக்டர் என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"கொஞ்சம் கீழ" என்றார் டாக்டர். கீழேயும் இருந்தது. "இடது பக்கம்." அங்கேயும். குடலை மூடியிருந்த கொழுப்புத் திரையெல்லாம் அதுவாகவே இருந்தது.

"கேமராவை அந்தப் பையன்கிட்டக் குடுத்துட்டு நீங்க வெளிய போங்கம்மா."

"வேண்டாம் சார். இன்னும் எங்க பார்க்கணும், சொல்லுங்க."

ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். அதுவும் புற்றுதான் என்று ஃபோன் வந்தது. டாக்டர் கருவிகளை வெளியே எடுத்தார். அவ்வளவு நேரமும் படம் ஒருமுறைகூட ஆடவில்லை. பின்னாளில் அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான். கட்டின புருஷன் வயிற்றில் அதைப் பார்த்தும் என் கை நடுங்கலையே, நான் என்ன பிறவி என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கை கழுவுமிடத்தில் டாக்டர் மெதுவாகச் சொன்னார். முன்பெல்லாம் வயிற்றை முழுக்கத் திறந்த பிறகுதான் இது தெரியவரும். இனி இரைப்பையை எடுத்துப் பயனில்லை என்று மூடுவார்கள். மிச்சமிருக்கிற கொஞ்சக் காலத்தில் பாதி, அந்தக் காயம் ஆறுவதிலேயே போய்விடும். இப்போது அந்த வதையாவது இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவளுக்கு அது தெரியும். ஆனாலும் ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவன் சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தடவினான். சின்னச் சின்ன பிளாஸ்திரிகள்தான் இருந்தன. முகம் மலர்ந்துவிட்டது.

"அவ்ளோதானா? இதுக்கா இந்தப் பயம் பயந்தேன்?"

"ம்" என்றாள்.

ஃபோனை வாங்கி மகளைக் கூப்பிட்டான். "வாலு, அப்பாவுக்கு எல்லாம் முடிஞ்சிடுச்சு! நாலு கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு." அந்தப் பக்கம் மகள் கத்திய கத்தல் இவளுக்குக் கேட்டது. அன்று முழுவதும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தைரியம்கூடச் சொன்னான். சொல்லிவிட வேண்டும் என்று இவள் வாயைத் திறந்தபோதெல்லாம் தண்ணீர் வேண்டுமா என்ற கேள்விதான் வந்தது.

மறுநாள் பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்து சொன்னார். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ கழட்டிப் பார்த்துட்டு, அப்படியே மூடிட்டீங்க."

"ஆமாங்க."

"ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதா சார்?"

டாக்டர் போன பிறகு இவளைப் பார்த்துக் கேட்டான். "நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நேத்து நான் இளிச்சிக்கிட்டு இருந்தப்ப, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் அவன் முழுதாக நம்பியதாக அவளுக்குத் தோன்றவில்லை. இன்னைக்குப் பரவாயில்லை என்று இவள் சொன்னால், "நிஜமாவா, அன்னைக்கு மாதிரியா?" என்பான். விளையாட்டாகத்தான் சொல்வான். இவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அண்ணன் வெளிப்படையாகவே பேசினார். "முழுசாத் திறந்திருந்தா வழிச்சு எடுத்திருப்பாங்க. நான் அப்பவே தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்காரி புருஷன்தானேன்னு புதுசு புதுசாப் பழகிப் பார்த்துட்டாங்க." இவள் விளக்கிச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். காயம் சின்னதாக இருந்ததால் வைத்தியமும் சின்னதுதான் என்ற எண்ணத்தை அவரிடமிருந்து பெயர்க்க முடியவில்லை.

ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, கட்டி கேட்கவில்லை. இரைப்பையின் கீழ்வாய் அடைத்து, தண்ணீர்கூட இறங்காமல் திரும்பி வந்தது. எண்டோஸ்கோப்பிப் பிரிவில் ஓர் இளம் டாக்டரம்மா அப்போது ஆராய்ச்சியாக ஒன்றைச் செய்து வந்தார். வாய் வழியே குழாயை விட்டு, அதன் முனையிலேயே உள்ள ஸ்கேனால் குடல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரைப்பையிலிருந்து நேராகக் குடலுக்கு ஓர் உலோக வலைக்குழாயைப் பொருத்துவது. உடம்பின் மேல் ஒரு கீறல்கூட இராது.

"இது நோயைக் குணமாக்காதுங்க. சாப்பிட வைக்கும், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா ஒளிக்காமல்.

"போதும்மா. பசிக்குது" என்றான் அவன்.

இம்முறை இவள் உள்ளே போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அது பலித்தது. முதலில் கஞ்சி இறங்கியது. பிறகு ஒருநாள் அவித்த முட்டையும் ரொட்டியும் கேட்டான். மகளை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு வாயாக மென்று விழுங்கிக் காட்டினான். மகள் கை தட்டினாள். பார்க்க வந்த அண்ணன், "பார்த்தியா, தேறிட்டான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது நிலைக்காது மாமா என்று சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை. இரண்டாம் முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

சில வாரங்கள்தான் ஓடின. வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, படுக்கையோடு படுக்கையானான். ஒரு மதியம், இவள் அடுப்படியில் அவன் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மகள் அம்மா என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது மூச்சு இல்லை.

உடம்பைத் துடைக்கும்போது அண்ணன் வயிற்றில் இருந்த தழும்புகளைக் கண்டார். மழுங்கிப்போன நாலு புள்ளிகள். அவற்றை விரலால் தொட்டுவிட்டு, "இதைத் தவிர என் தம்பிக்கு ஒண்ணுமே செய்யலியே" என்று கதறினார். அதன் பிறகு அவர் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இவள் வேலைக்குத் திரும்பினாள். வேறென்ன செய்ய? சில மாதங்கள் கழித்து ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். கடைசி வரிசையில் இவளும் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா பெயரில்லாமல் ஒரு வீடியோவைக் காட்டினார். வலைக்குழாய் மலர்ந்து விரிந்து நிற்க, பழுப்பு நீர் அதன் வழியே ஓடியது. பதிவின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்ததும் இவளுக்குப் புரிந்துவிட்டது. "இந்த நோயாளி மறுநாளே உணவு எடுத்தார். வெற்றி" என்றார் டாக்டரம்மா. எல்லாரும் கை தட்டினார்கள். பொய் ஒன்றும் இல்லையே; அவன் சாப்பிட்டதை இவளும்தானே பார்த்தாள். இவளும் தட்டினாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

வீட்டில் வாலு என்று கூப்பிட ஆளில்லை. மகளிடமும் அந்த வால்தனம் இல்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் முகம் வெளிறி, வயிற்றை அமுக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாகவே வலி என்பது தோழி ஒருத்தி ஃபோனில் சொல்லித்தான் தெரிந்தது.

"ஏன்டி என்கிட்டச் சொல்லல? எங்க வலிக்குது, காட்டு."

"வேண்டாம்."

"அம்மா பார்க்கறேன்டி."

மகள் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளிருந்து குரல் வந்தது. "நீ பார்க்காத. நீ பார்த்தா ஏதாவது இருக்கும்."

கெஞ்சிக் கூத்தாடி, பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். மகள் கேட்டுக்கொண்டபடி இவள் வெளியிலேயே நின்றாள். மாதவிலக்கு வலிதான் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்த மகள் சீட்டை நீட்டிவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் முன்னே நடந்தாள். இவள் மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு, பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனாள்.