சாமித்தட்டில் காய்ந்த கொய்யா

ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் என்ன தின்கிறோம் என்று படம் எடுத்துக் கொண்டுவரச் சொல்லுகிற நாடு இது. ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தபடிதான் ஜெர்மனியில் எசன் நகரில் எங்கள் டொக்டரின் பிராக்சிஸுக்கு, அதாவது கிளினிக்குக்குப் போனேன். என் மனைவி மலருக்குக் கருப்பையில் கட்டி. இரத்தம் குறைவு என்று ஒப்பரேஷனுக்குக் குறித்த டேர்மினை ஒருமுறை தள்ளிவைத்துவிட்டார்கள். இந்த முறையும் இரும்புச்சத்து ஏறாவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். அவளோ நாலு படி ஏறவே மூச்சு வாங்குகிறாள். இரும்புக் குளிசை உடம்பில் சேர, அதை விற்றமின் சி உள்ள பழத்தோடு எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

பழத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தமிழ்க் கடையில் நல்ல கொய்யாவாகப் பொறுக்கி வாங்குவேன். காலையில் குளித்த கையோடு வெட்டி, சுவரில் அடித்த சாமித்தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பின்னேரம் நான் வந்து விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் மலர் அதைத் தொடுவாள். யாழ்ப்பாணத்தில் அம்மா படைத்தால் ஐந்து நிமிடத்தில் எங்கள் பங்கு கைக்கு வந்துவிடும். இங்கே என் வேலை அந்த ஐந்து நிமிடத்தைப் பத்து மணித்தியாலமாக இழுத்துவிட்டது. துண்டுகளின் ஓரம் பழுப்பேறிக் காய்ந்திருக்கும். சாமி சாரத்தை எடுத்துவிட்டார் என்று மலருக்குப் பகிடி சொல்லுவேன்.

பிராக்சிஸில் இருந்த உணவு ஆலோசகர், ஒரு ஜெர்மன்காரி, படத்தில் விளக்கைப் பார்த்துவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டா. இது தினமும் நடப்பதுதான் என்றேன். தினமுமா என்று முழித்தா. பிறகு படத்தைப் பெருப்பித்து, தட்டு எதற்கு மேல் இருக்கிறது என்று கேட்டா. ஹைட்சுங்குக்கு மேல் என்றேன். குளிர் நாட்டில் சாமிக்கும் கொஞ்சம் கணகணப்பாக இருக்கட்டுமே என்று சுவர் வெப்பமூட்டிக்கு மேலேதான் தட்டை அடித்திருந்தேன்.

அவ பேனையைக் கீழே வைத்தா. வெட்டின பழத்தில் காற்றுப் பட்டாலே சத்துக் குறையத் தொடங்கும், சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் விற்றமின் சி போன்ற அன்டிஒக்சிடன்டுகள் இன்னும் கெதியாய்ப் போய்விடும் என்றா. முழுதாகப் பிரிட்ஜில் வைத்து, குளிசை போடும்போது வெட்டச் சொன்னா. பழம் மட்டும்தான் காரணம் என்று அவ சொல்லவில்லை. ஆனாலும், ஐயோ, நான் சொன்ன பகிடி உண்மையாகிவிட்டதே! சாரம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. சக்கையைத்தான் இத்தனை மாதமும் அவளுக்கு ஊட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். இனிப் படைக்காமல் சாப்பிடு என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“அது என்னால ஏலாது,” என்றாள் மலர். பிரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தாள். “இஞ்சாருங்கோ, பழம் வெளியில வரேலாதெண்டால் சாமி உள்ள போகட்டும்.”

இப்போது பிரிட்ஜுக்குள், பாலுக்கும் குவார்க் தயிருக்கும் நடுவில் பிள்ளையார் படம் இருக்கிறது. அவருக்கு முன்னால் முழுக் கொய்யா. நாளைக்கு மறுபடி இரத்தம் எடுக்கிறார்கள். கதவைத் திறந்து விளக்கைக் காட்டுகிறேன். மலர் உள்ளங்கையில் குளிசையைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடுகிறாள். கதவு திறந்தே கிடக்கிறது என்று பிரிட்ஜ் பீப் பீப் என்று கத்தத் தொடங்குகிறது. பூசை மணியை எடுக்கப் போன கையை நான் இழுத்துக்கொள்கிறேன்.